அத்தியாயம் 6: அடுக்களையை இடிக்கும் முன்

இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய தனி வீடு. அடுக்களையில் கடப்பா மேடை, சிமென்ட் தட்டு அலமாரி, மேலே பரண், மேற்கே ஜன்னல், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய எக்ஸாஸ்ட் ஃபேன். இந்த அத்தியாயம் அப்படிப்பட்ட அடுக்களைக்காக எழுதியது. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களும் படிக்கலாம். தோட்டம், கொல்லைப்புறம் பற்றிச் சொல்வதை மட்டும் தாண்டிப் போங்கள்.

'பசுமைச் சமையலறை' என்ற பெயரில் கடைகளில் விற்பதில் பெரும்பகுதி புதுப் பொருள்தான். நன்றாக இருக்கும் மேடையை உடைத்துத் தெருமுனையில் கொட்டிவிட்டு, மூங்கில் பலகையும் மறுசுழற்சி டைலும் வாங்கிப் பொருத்தினால் லாபம் கடைக்காரருக்கு. இங்கே கணக்கு தலைகீழ். எதை இடிக்காமல் விடலாம் என்று முதலில் பார்ப்போம். எதைப் பழுது பார்க்கலாம் என்பது அடுத்து. வாங்க வேண்டியவற்றின் பட்டியல் கடைசியில்தான் வரும், அதுவும் குட்டையாக இருக்க வேண்டும்.

முதல் வாரம்: கடைக்குப் போகாதீர்கள்

ஒரு வாரம் அடுக்களையைக் கவனித்து நோட்டில் எழுதுங்கள்.

1. சமைப்பவரிடம் கேளுங்கள். எங்கே குனிய வேண்டியிருக்கிறது, எது எட்டவில்லை, எந்த இடத்தில் இருவர் முட்டிக்கொள்கிறார்கள்? பல வீடுகளில் வரைபடம் போடுபவர் ஒருவர், அடுப்படியில் நிற்பவர் வேறொருவர். புது அடுக்களைகள் ஆறு மாதத்தில் அலுத்துப்போவதற்கு இதுவே பெரிய காரணம்.

2. மேடையின் உயரத்தை அளந்து பாருங்கள். சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால், காய் நறுக்கும் இடம் அதற்கு 4 முதல் 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இது 32 முதல் 34 அங்குலத்தில் வந்து நிற்கும். இருப்பதே சரியாக இருந்தால் மேடையைத் தொட வேண்டியதில்லை.

3. சிங்க் குழாயை முழுதாகத் திறந்து ஒரு லிட்டர் பாத்திரம் நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். 5 விநாடி என்றால் நிமிடத்துக்கு 12 லிட்டர் ஓடுகிறது.

4. குடிநீரின் டி.டி.எஸ். அளவை, அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைப் பாருங்கள். அளக்கும் கருவி பேனா அளவில் கிடைக்கிறது. கிணறு, போர், மாநகராட்சிக் குழாய் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

5. காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் விளக்கை அணைத்துப் பாருங்கள். எந்த மூலை இருட்டு, எந்தச் சுவர் சுடுகிறது?

6. அடுப்பை அணைத்துவிட்டு, சிலிண்டர் வால்வையும் மூடிவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்புக்கு மேலே பிடியுங்கள். புகை வெளியே போகிறதா, கூடத்துக்குள் வருகிறதா?

ஆறாவது சோதனையில் கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கலாம். சென்னை போன்ற இடங்களில் பிற்பகல் கடல்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வீசும். அக்னி மூலை பார்த்துக் கட்டிய அடுக்களையின் தாளிப்பு நெடியை அந்தக் காற்றே வீட்டுக்குள் தள்ளும். அடுப்பை இடம் மாற்ற வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை எதிர்த்துத் தள்ளாத சுவருக்குப் போனால் போதும்.

சாக்கட்டிக் குறி

வாரக் கடைசியில் வெள்ளை, மஞ்சள், சிவப்புச் சாக்கட்டிகளோடு அடுக்களைக்குள் போங்கள். அப்படியே இருக்கட்டும் என்பதற்கு வெள்ளை. பழுது பார்க்க வேண்டியதற்கு மஞ்சள். போக வேண்டியதற்குச் சிவப்பு. கதவு, சட்டம், தட்டு, குழாய், தரை, ஸ்விட்ச் போர்டு, பரண் எல்லாவற்றிலும் குறி விழ வேண்டும். சிவப்பு வைத்த ஒவ்வொன்றுக்கும் நோட்டில் காரணம் எழுதுங்கள். 'பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது' என்பதும் காரணம்தான், ஆனால் அதை அப்படியே எழுதுங்கள். எழுதிப் பார்த்தால் பாதி சிவப்பு மஞ்சளாகிவிடும்.

மங்கிய கிரானைட்டை மறுபடி பாலிஷ் போடலாம். தேக்குச் சட்டம் வளைந்திருந்தால் ஆசாரி இழைத்துத் தருவார். டைலின் இடுக்கு மட்டும் கறுத்திருந்தால் கிரௌட்டைச் சுரண்டிப் புதிதாக நிரப்பலாம். சிங்க்கும் அடுப்பும் இருக்கும் இடத்திலேயே இருந்தால் குழாய் வேலை, கேஸ் வேலை, சுவர் வெட்டு எல்லாம் மிச்சம். இடம் மாற்றுவதென்று முடிவெடுத்தால் இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கை வைக்கும் முன்: ஐந்து ஆபத்துகள்

*சுவர்.* கூடத்தையும் அடுக்களையையும் ஒன்றாக்கும் ஆசை இப்போது எல்லோருக்கும் இருக்கிறது. 9 அங்குலச் சுவர் பெரும்பாலும் கூரையைத் தாங்கும் சுவர். பொறியாளர் நேரில் வந்து பார்க்காமல் அதில் ஒரு செங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது. நாலரை அங்குலச் சுவர்தானே என்றும் நம்பிவிடாதீர்கள். மேலே பரணோ தண்ணீர்த் தொட்டியோ அதன்மேல் உட்கார்ந்திருக்கலாம்.

*ஆஸ்பெஸ்டாஸ்.* பின்கட்டில் இறக்கிய சாய்ப்பு ஷீட் பழையதாக இருந்தால் அதில் கல்நார் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை உடைக்கவோ அறுக்கவோ துளைக்கவோ கூடாது. நார்த் தூசி நுரையீரலில் தங்கினால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். முழு ஷீட்டாகவே விட்டுவிட்டு மேலே வெள்ளை பூசிக்கொள்வதே நல்லது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, உடையாமல் இறக்கி, தார்ப்பாயில் சுற்ற வேண்டும். அதை இடிபாட்டுக் குவியலோடு சேர்க்கக் கூடாது.

*பழைய எனாமல் பெயின்ட்.* இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கதவு, ஜன்னலை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். நனைத்துத் தேய்த்து, கழிவைத் துணியால் துடைத்து எடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நாட்களில் வேறு வீட்டில் இருக்கட்டும்.

*கேஸ்.* சிலிண்டர் வெளியே போன பிறகே சுத்தியல் உள்ளே வரலாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே சிலிண்டர் வைக்கும் அறையின் அடிப்பகுதியில் காற்றுத் துளை கட்டாயம். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், அடுப்பு எப்போதும் அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கசிவு என்றால் 1906க்கு அழைக்கலாம். அழைக்கும் முன் வெளியே வந்துவிடுங்கள், ஸ்விட்ச் எதையும் தொடாதீர்கள்.

*மின்சாரம்.* அடுக்களைக்குத் தனி எம்.சி.பி.யும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். சிங்க்கிலிருந்து கை எட்டும் தூரத்தில் பிளக் வேண்டாம். பழைய வீடுகளில் எர்த் கம்பி ஸ்விட்ச் பெட்டி வரை வந்து எதனோடும் சேராமல் நிற்கும். எலக்ட்ரீஷியனைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

தண்ணீர்: உள்ளே வருவதும் வெளியே போவதும்

மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் இங்கேதான். குழாய் முனையில் ஏரேட்டர் என்ற சல்லடை மூடியைத் திருகினால் 12 லிட்டர் ஓட்டம் 4 லிட்டருக்கு இறங்கும். கைக்குத் தெரியும் வேகம் பெரிதாகக் குறையாது. ஆனால் குடம் பிடிக்க நேரமாகும், வீட்டில் முணுமுணுப்பு எழும், இரண்டாம் வாரம் யாராவது அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். அதனால் பாத்திரம் கழுவ ஏரேட்டரோடு ஒரு குழாயும் குடம் பிடிக்கத் திறந்த குழாயுமாக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீரில் உப்பு படிந்து சல்லடை அடைக்கும். மாதம் ஒருமுறை கழற்றி எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சரியாகும்.

அடுத்தது ஆர்.ஓ. இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயம் விரும்பத்தக்க டி.டி.எஸ். எல்லையாக லிட்டருக்கு 500 மில்லிகிராமை வைத்திருக்கிறது. உங்கள் தண்ணீர் அதற்குள் இருந்தால், கிருமிக்குப் புற ஊதா வடிகட்டியோ கொதிக்கவைப்பதோ போதும். ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர இரண்டு, மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். உப்பு அதிகமுள்ள ஊர்களில் ஆர்.ஓ. இல்லாமல் முடியாது. அப்படியானால் கழிவுக் குழாயை சிங்க்கில் விடாமல் சுவர் வெட்டும்போதே வெளியே ஒரு டிரம்முக்குக் கொண்டுபோய்விடுங்கள். தரை துடைக்கவும் பாத்திரத்தை முதல் அலசு அலசவும் அது போதும். செடிக்கு ஊற்றும் முன் அதன் டி.டி.எஸ்.ஸையும் அளந்து பாருங்கள். உப்பு ஏறிய மண்ணை மீட்பது கடினம்.

இனி சிங்க்கிலிருந்து வெளியேறும் தண்ணீர். கொல்லையில் இடம் இருந்தால் இந்த வரிசையில் அமையுங்கள்:

1. சிங்க் வாயில் நுண்சல்லடை. சோறும் கறிவேப்பிலையும் இங்கேயே நிற்கட்டும்.

2. வெளியே 2 அடிக்கு 2 அடி செங்கல் தொட்டி, அதன் மேல் தூக்கி எடுக்கக்கூடிய மூடி. வெளியேறும் குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். எண்ணெய் மேலே மிதந்து தங்கும், தண்ணீர் அடியிலிருந்து போகும்.

3. அங்கிருந்து ஜல்லி நிரப்பிய பள்ளம். இடித்த செங்கல் துண்டுகளைப் போட இதைவிட நல்ல இடம் கிடையாது.

4. பள்ளத்தைச் சுற்றிக் கல்வாழை, சேம்பு, வாழை.

தொட்டியின் எண்ணெய்ப் படலத்தை மாதம் ஒருமுறை வழித்தெடுங்கள். இந்தத் தண்ணீரை எங்கும் தேக்கிவைக்காதீர்கள். ஒரு நாள் நின்றாலே நாறும், கொசு வரும்.

எச்சரிக்கை: மழைநீர் சேகரிப்புக் குழிக்குள் சிங்க் தண்ணீரைத் திருப்பிவிடக் கூடாது. 'குழிதானே சும்மா கிடக்கிறது' என்று பிளம்பர் சொல்வார். அந்தக் குழி நேராக உங்கள் நிலத்தடி நீருக்கு வழி.

மேடையும் அலமாரியும்

இருக்கும் மேடைக்கு வெள்ளைக் குறி விழுந்திருந்தால் இந்தப் பகுதியில் பாதி உங்களுக்கு வேண்டாம். புதிதாகத்தான் போட வேண்டும் என்றால் உள்ளூர் கிரானைட்டே முதல் தேர்வு. தமிழ்நாட்டிலேயே கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் வெட்டி எடுக்கிறார்கள். பெரிய வேலைகளில் மிஞ்சிய துண்டுகள் கிரானைட் கிடங்குகளில் மலிவாகக் கிடக்கும். 6 அடி மேடைக்கு அதிலேயே தேறும். கடப்பா சுண்ணாம்புக் கல் வகை, புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் வெளுக்கும். மேல்பலகைக்கு அது வேண்டாம், கீழ்த்தட்டுக்கு அருமை.

ரெசினில் கல்தூளைக் கலந்து செய்யும் குவார்ட்ஸ் பலகைக்கு இப்போது நல்ல விற்பனை. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அறுக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூள் தொழிலாளியின் நுரையீரலை அழிக்கிறது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இத்தகைய செயற்கைக் கல்லைத் தடைசெய்துவிட்டது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவுதான் குறைவு. எந்தக் கல்லானாலும் தண்ணீர் ஊற்றித்தான் அறுக்க வேண்டும், அறுப்பவர் முகக்கவசம் போட்டிருக்க வேண்டும்.

மேடைக்குக் கீழே என்ன வைப்பது? மாடுலர் கடைக்காரர் பிளைவுட் பெட்டிகளின் படம் காட்டுவார். தினமும் தண்ணீர் சிந்தும் இடம் அது. செங்கல் தடுப்பு, கடப்பாத் தட்டு, முன்னால் மரக்கதவு மட்டும் என்ற பழைய முறையைக் கரையான் தொடாது, ஈரத்தில் ஊதாது, முப்பது ஆண்டு கழித்தும் கழுவி விடலாம். இடம் குறுகலாக இருந்தால் செங்கல்லுக்குப் பதில் ஒன்றேகால் அங்குல ஃபெரோசிமென்ட் பலகைகளை நிறுத்தலாம்.

பிளைவுட்தான் வேண்டும் என்பவர்கள் இந்த மூன்றையும் பாருங்கள்:

1. பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை. கொதிநீரையும் தாங்கும் பசை இதில் உண்டு. ஐ.எஸ். 303 எம்.ஆர். வகை அடுக்களைக்கு ஆகாது. அதன் யூரியா வகைப் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு அதிகம் கசியும்.

2. இ-0 அல்லது இ-1 என்ற உமிழ்வுக் குறி.

3. முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளங்கை அளவு துண்டை வாங்கிவந்து பழைய டப்பாவில், திறந்த வெளியில், மூன்று நான்கு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். அடுக்குகள் பிரிந்தால் முத்திரை பொய்.

கதவுக்குப் பழைய மரம் தேடுங்கள். இடித்த வீடுகளின் தேக்குக் கதவு, ஜன்னல்கள் எல்லா ஊரிலும் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு அதற்கே பேர்போன இடம், ஆனால் அங்கே வேலைப்பாடு உள்ளவற்றுக்குக் கலைப்பொருள் விலை. உங்களுக்கு வேண்டியது வெறும் பலகை. வேப்பமரம் கிடைத்தால் உள்தட்டுக்கு வையுங்கள், பூச்சி அண்டாது.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் ஆசை இருந்தால், அதைச் சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவிடுவதுதான் என்பது அதன் பசுமைப் பக்கம். புளியும் எலுமிச்சையும் சிந்தி உடனே துடைக்காவிட்டால் கறை நிற்கும் என்பது மறுபக்கம். அடுப்புக்கு முன்னால் வேண்டாம். சாப்பிடும் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

பூச்சுக்கு நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் போதும். மெதுவாக இறுகும், அதனால் கூடுதல் நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும். அடுப்படியில் தெறிக்கும் இரண்டடி உயரத்துக்கு மட்டும் டைல், மற்ற சுவர்களில் சுண்ணாம்பு. கூரை வரை டைல் ஒட்டுவது துடைக்கும் வேலையைத்தான் கூட்டும்.

காற்று, வெளிச்சம், அடுப்பு

எக்ஸாஸ்ட் ஃபேன் சரியாக இழுக்கவில்லை என்றால் ஃபேனை மாற்றும் முன் எதிர்ப்பக்கம் காற்று நுழைய வழி இருக்கிறதா என்று பாருங்கள். கதவின் அடியில் இரண்டு அங்குல இடைவெளி விட்டாலே பல அடுக்களைகள் மூச்சுவிடும். எதிரெதிர் ஜன்னல் உள்ள அடுக்களைக்கு மின் சிம்னி தேவையில்லை. ஜன்னலே இல்லாத அடுக்குமாடி அடுக்களைக்கு வேண்டும் என்றால் குழாய் வழியாக வெளியே விடும் வகையை வாங்குங்கள். வடிகட்டி மறுபடி உள்ளேயே விடுவதை அல்ல.

மேற்குச் சுவர் சுட்டால் அவரைப் பந்தலோ கோவைக் கொடியோ போடுங்கள். கொடியைச் சுவரில் நேராக ஏற்றாமல் ஒரு அடி தள்ளிக் கம்பி கட்டுங்கள், இல்லாவிட்டால் பூச்சு பெயரும்.

கேஸா, இண்டக்‌ஷனா? இரண்டும் வையுங்கள். இண்டக்‌ஷனில் வீணாகும் சூடு குறைவு. கேஸ் அடுப்புக்குத் தரநிர்ணயம் கேட்கும் வெப்பத் திறனே 68 சதவீதம்தான். ஆனால் வெண்கலப் பானை, மண்சட்டி, அலுமினியம் எதுவும் இண்டக்‌ஷனில் சூடேறாது. வீட்டுப் பாத்திரங்களைக் காந்தம் வைத்துப் பாருங்கள். பத்தில் மூன்றுதான் ஒட்டுகிறது என்றால், ஏழு பாத்திரம் புதிதாக வாங்குவதில் பசுமை எதுவும் இல்லை. இண்டக்‌ஷனில் ஒற்றை அடுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2000 வாட் அடுப்புக்கு 16 ஆம்பியர் பிளக்கும் தனிக் கம்பியும் வேண்டும். மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட சுமை போதுமா என்று மின் அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிரிட்ஜைக் கழிக்கும் முன் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். வழுக்கி வந்தால் ரப்பரை மாற்றினாலே மின்சாரம் குறையும். புதிது வாங்கினால் நட்சத்திரத்தை மட்டும் பார்க்காமல் அட்டையில் அச்சிட்ட ஆண்டையும், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பதையும் பாருங்கள். விதி இறுகும்போது பழைய ஆண்டின் 5 நட்சத்திரம் புதிய கணக்கில் கீழே இறங்கும்.

குப்பைக்கும் ஓர் இடம்

வரைபடத்தில் எல்லோரும் மறப்பது இதைத்தான். சிங்க் அடியில் இரண்டு வாளிக்கு இடம் விடுங்கள்: ஈரக் கழிவு, உலர் கழிவு. கொல்லையிலோ பால்கனியிலோ துளையிட்ட மூன்றடுக்கு மண்பானை. ஒரு கை காய்த்தோலுக்கு இரண்டு கை காய்ந்த சருகு அல்லது தேங்காய் நார்த்தூள், கொஞ்சம் புளித்த மோர். வாடை வந்தால் சருகு குறைவு என்று அர்த்தம்.

வேலை வரிசை

தை கடைசியில் தொடங்கினால் சித்திரை வெயிலுக்கு முன் முடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் சுண்ணாம்பும் மரமும் காயாது. கத்திரியில் சுவருக்கு ஊற்றத் தண்ணீர் இருக்காது.

1. கூடத்திலோ தாழ்வாரத்திலோ தற்காலிக அடுக்களை அமைத்துவிடுங்கள்.

2. கேஸ், மின்சாரம், தண்ணீர் மூன்றையும் துண்டித்த பிறகே மற்ற வேலை.

3. வெள்ளை, மஞ்சள் குறியிட்டவற்றை முதலில் கழற்றி, எண்ணி, உள்ளே வையுங்கள்.

4. சிவப்பை இடிக்கலாம். முழுச் செங்கல், உடைந்தது, இரும்பு, மரம் என்று அன்றன்றே பிரிக்க வேண்டும். இடிபாடுகளுக்கென்று 2016 முதல் தனி விதிகள் இருக்கின்றன. ஏரிக்கரையில் கொட்டுவது குற்றம். சென்னை மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இவற்றைப் பதப்படுத்தும் நிலையங்கள் உண்டு.

5. குழாய், மின்குழாய்களுக்குச் சுவர் வெட்டுதல். நேர்க்குத்தாக வெட்டட்டும், நீளக் கிடைவெட்டு சுவரைப் பலவீனமாக்கும்.

6. பூசும் முன் குழாயில் தண்ணீர் நிரப்பி ஒரு முழு நாள் விட்டுக் கசிவு பாருங்கள். அவசரத்தில் அதிகம் விட்டுப்போவது இந்தப் படிதான்.

7. பூச்சு. குறைந்தது 7 நாள், முடிந்தால் 10 நாள் நனைக்க வேண்டும்.

8. மேடைக் கல், பிறகு டைல், பிறகு சுண்ணாம்பு.

9. சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே மரவேலை. ஈரச் சுவரில் மாட்டிய கதவு முதல் மழையிலேயே இறுகும்.

10. குழாய், விளக்கு, அடுப்பு. கேஸ் இணைப்பை ஏஜென்சி ஆள்தான் கொடுக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவி உங்கள் முன்னாலேயே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மேஸ்திரியிடம் பேசுவது

நாள் கூலி வேலையில் உடைப்பது வேகம், கழற்றுவது தாமதம். ஆகவே கழற்றுவதற்கென்று தனிக்கூலி பேசுங்கள். "மேஸ்திரி, கடப்பாத் தட்டு எட்டு இருக்கு. உடையாம எடுத்துக் கொடுத்தா தட்டுக்கு இவ்வளவுன்னு தனியாத் தர்றேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் கடப்பாரை தானாகவே ஓரமாகப் போகும். மூன்றாம் நாள் சொன்னால் கையில் ஜல்லிதான் மிஞ்சும். மொத்தச் செலவில் ஏழில் ஒரு பங்கை யாரிடமும் சொல்லாமல் ஒதுக்கி வையுங்கள். பழைய சுவருக்குள் என்ன இருக்கிறது என்று வெட்டிப் பார்க்கும் வரை தெரியாது.

பூச்சு மூடும் முன், வெட்டிய ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுங்கள். அடுத்த முறை ஆணி அடிப்பவர் குழாயைத் துளைக்காமல் இருக்க அது உதவும். மீந்த டைலில் ஆறு ஏழு, மீந்த கிரௌட் ஒரு பொட்டலம், சுண்ணாம்பில் கலந்த நிறப்பொடியின் பெயரெழுதிய சீட்டு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுங்கள்.